இரசிகரின் ஏமாற்றமும் திறனாய்வும்: ‘டொக்டர் ஹூ’ தொடரின் ஒரு கதையை முன்வைத்து

திறனாய்வு என்றதும் நாம் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களையும் சஞ்சிகைகளையும் நூல்களையுமே மனங்கொள்கின்றோம். ஆயின், கலைப் படைப்புகளைப் பற்றி நாள்தோறும் கருத்துரைப்போரில் மிகப் பெரும்பாலானோர் இவ்வெல்லைக்கு வெளியே வாழ்பவர்களே. நாடகம் பார்த்துத் திரும்பும் வழியிலும் தேநீர்க் கடையிலும் வேலைத்தலத்திலும் அவர்கள் கூறும் தீர்ப்புகள் பெரும்பாலும் எழுத்தில் இடம்பெறுவதில்லை. எனவே, பொதுமக்களின் கலைத்தீர்ப்பு எவ்வாறு உருவாகின்றது, எவற்றை அளவுகோலாகக் கொள்கின்றது, காலப்போக்கில் எவ்வாறு மாறுகின்றது என்னும் வினாக்களுக்கு விடை காண்பதற்கான சான்றுகள் நமக்கு அரிதாகவே கிட்டுகின்றன.

இந்நிலைக்கு ஒரு விலக்காக அமைவது, நெடுங்காலம் தொடர்ந்த அறிவியற் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர்களின் இரசிகர் கூட்டமாகும். அவர்கள் சங்கம் அமைத்தனர். தம் கைப்பணத்திற் சஞ்சிகை அச்சிட்டனர். ஒவ்வொரு கதையையும் பதிவு செய்து, ஒப்பிட்டு, வாதிட்டனர். குறிப்பாக, தாம் நேசித்த தொடர் தம்மை ஏமாற்றியபோது அவர்கள் எழுதியவை மனங்கொள்ளத்தக்கன. நேசிக்கப்படும் ஒன்று தவறும்போதுதான் நேசித்தவர் எதை எதிர்பார்த்தார் என்பது வெளிப்படுகின்றது. பிரித்தானியத் தொடரான ‘டொக்டர் ஹூ’வின் ஒரு கதை 1976 ஆம் ஆண்டில் ஏற்படுத்திய ஏமாற்றத்தையும், அவ்வேமாற்றத்தின் பிற்கால வரலாற்றையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

‘டொக்டர் ஹூ’ 1963 நவம்பர் 23 ஆந் திகதி பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தில் (பி.பி.சி.) தொடங்கியது. டொக்டர் என்று மட்டும் அழைக்கப்படும் வேற்றுலகத்தவர் ஒருவர், பொலிஸ் தொலைபேசிக் கூண்டின் வடிவிலமைந்த கலமொன்றில் காலத்தையும் வெளியையுங் கடந்து பயணஞ் செய்வதே அதன் அடிப்படை. முதலில் அப்பாத்திரத்தை ஏற்ற வில்லியம் ஹார்ட்னெல் 1966 இல் விலகியபோது, டொக்டரின் உடல் முற்றாக மாறிப் புதியதோர் உருப்பெறும் என்ற உத்தி கையாளப்பட்டது. நடிகர் மாறினும் தொடர் நிலைத்தது. 1969 இல் ஒளிபரப்பான ‘த வோர் கேம்ஸ்’ என்னும் பத்துப் பகுதிக் கதையில், டொக்டர் ‘காலப் பிரபுக்கள்’ எனப்படும் இனத்தைச் சேர்ந்தவர் என்பது முதன்முறையாகத் தெரியவந்தது. அங்கு அவர்கள் அளப்பரிய ஆற்றலும் அச்சந்தரும் அமைதியும் உடையோராக, ஏறத்தாழத் தெய்வங்களைப் போலக் காட்டப்பட்டனர். விபத்து நேராதவிடத்து அவர்கள் என்றென்றும் வாழவல்லவர்கள் எனவும் கூறப்பட்டது.

ஏழு ஆண்டுகளின் பின், 1976 ஒக்டோபர் 30 முதல் நவம்பர் 20 வரை, ‘த டெட்லி அசாசின்’ என்ற நான்கு பகுதிக் கதை ஒளிபரப்பாயிற்று. எழுதியவர் றொபேட் ஹோம்ஸ். தயாரித்தவர் பிலிப் ஹின்ச்கிளிஃப். கதை முழுவதும் காலப் பிரபுக்களின் உலகிலேயே நிகழ்கின்றது. பதவி விலகவிருக்கும் சனாதிபதி சுட்டுக் கொல்லப்படுகின்றார். பழி டொக்டர்மீது சுமத்தப்படுகின்றது. உண்மைக் கொலையாளி, அடுத்த சனாதிபதியாக விரும்பிய உயர் அதிகாரி ஒருவர். அவரை இயக்குபவன் டொக்டரின் பழைய பகைவனான மாஸ்டர். பன்னிரண்டு முறை உருமாறி முடித்துவிட்ட அவன், அழுகிய உடலுடன் சாவின் விளிம்பில் நிற்கின்றான். காலப் பிரபுக்கள் பன்னிரண்டு தடவைகளுக்கு மேல் மீளுருப்பெற இயலாது என்ற விதி இக்கதையிலேதான் முதன்முதலிற் கூறப்பட்டது.

டொக்டர் ஹூ இரசிகர் சங்கம் அதே 1976 இலேதான் உருவாகியிருந்தது. அதன் அன்றைய தலைவர் சங்க வெளியீட்டில் எழுதிய மதிப்புரை இக்கதையைக் கடுமையாகச் சாடியது. தெய்வங்களைப் போன்றிருந்த காலப் பிரபுக்கள் தள்ளாடும் கிழவர்களாகவும், பதவிக்குப் போட்டியிடும் சூழ்ச்சிக்காரர்களாகவும், சடங்காடைகளைப் பற்றி முணுமுணுப்போராகவும் சித்திரிக்கப்பட்டமை அவருக்குப் பொறுக்க இயலாததாயிற்று. முன்னைய கதைகளுடன் முரண்படும் இடங்களை அவர் அடுக்கிக் காட்டினார். தொடரின் மாயவசீகரம் எங்கே போயிற்று என்ற ஏக்கத்தோடு மதிப்புரை முடிவுற்றது. சங்கத்தவர் பலருக்கும் இது பொதுவான மனவுணர்வாகவே இருந்தது. வாரந்தோறும் ஒரு கோடிக்கும் அதிகமானோர் பார்த்த கதையை, அத்தொடரை மிக ஆழ்ந்து நேசித்த சிறுகுழுவினர் நிராகரித்தனர்.

அதே நவம்பரில் இன்னொரு கண்டனமும் எழுந்தது. மூன்றாம் பகுதியின் இறுதியில் டொக்டரின் தலை நீருக்குள் அமிழ்த்தப்பட, அந்நிலையிலேயே காட்சி உறைந்து நின்றது. தொலைக்காட்சி ஒழுக்கத்தின் காவலராகத் தம்மைக் கருதிய மேரி வைற்ஹவுஸ் அம்மையாரும் அவரது அமைப்பும் இதனைச் சிறுவர்க்கு ஒவ்வாத வன்முறையெனக் கண்டித்தனர். கூட்டுத்தாபனத்தின் பணிப்பாளர் நாயகம் வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார். அக்காட்சி மூலப்பிரதியிலிருந்து வெட்டப்பட்டது. 1977 இல் ஹின்ச்கிளிஃபின் இடத்திற்கு வந்த கிரகம் வில்லியம்சுக்கு, வன்முறையைக் குறைக்குமாறு பணிக்கப்பட்டது.

இவ்விரு கண்டனங்களையும் அருகருகே வைத்து நோக்குதல் பயனுடையது. ஒன்று, தொடரை நேசிக்காத, ஆயின் நிறுவனங்களை அசைக்கவல்ல சமூகச் செல்வாக்குடையோரின் கண்டனம். அதற்கு உடனடிப் பயன் கிடைத்தது. மற்றையது, தொடரை நேசித்த, ஆயின் எவ்வித அதிகாரமுமற்றோரின் கண்டனம். அதனாற் கதையின் ஒரு காட்சிதானும் மாறவில்லை. ஒரு கலைப்படைப்பின்மீது யாருடைய அதிருப்தி செல்லுபடியாகும் என்பது கலைத்தரத்தாலன்றிச் சமூகத்தில் அவரவர் வகிக்கும் இடத்தாலேயே பெரிதும் தீர்மானிக்கப்படுகின்றது என்பதற்கு இது தெளிவான சான்றாகும்.

இனி, இரசிகர் கையாண்ட அளவுகோலுக்கு வருவோம். அவர்கள் 1976 ஆம் ஆண்டுக் கதையை 1969 ஆம் ஆண்டுக் கதையுடன் ஒப்பிட்டனர். ஆனால் அம்முந்தைய கதை அவர்கள் கையில் இருக்கவில்லை. வீட்டில் ஒளிநாடாவிற் பார்க்கும் வசதி அன்று பரவலாக வந்திருக்கவில்லை. அதுமட்டுமன்று, 1960 களின் பிற்பகுதியிலிருந்து 1970 களின் இறுதிவரை பழைய நாடாக்களை அழித்து மீளப் பயன்படுத்துவது கூட்டுத்தாபனத்தின் வழக்கமாயிருந்தது. அதனாலேயே ஆரம்பகாலப் பகுதிகளுள் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை பல பதிற்றாண்டுகளாகக் காணாமற் போயுள்ளன. ‘த வோர் கேம்ஸ்’ தப்பிப் பிழைத்ததெனினும், 1976 இல் ஓர் இரசிகர் அதனை மீண்டும் பார்க்க வழியிருக்கவில்லை. ஆகவே அவர் ஒப்பிட்டது இரண்டு கதைகளையல்ல. முன்னாளிரவு பார்த்த ஒரு கதையையும், சிறுவயதில் ஒருமுறை பார்த்து ஏழாண்டுகள் மனத்திற் சுமந்த ஒரு நினைவையுமே. நினைவிற் குறைகள் உதிர்ந்துவிடும். வியப்பு மட்டும் எஞ்சும். நேற்றுப் பார்த்த எதுவும் அத்தகைய நினைவுடன் போட்டியிட்டு வெல்லுதல் அரிது.

எனினும், இவ்வேமாற்றம் வெறும் பழமைப் பற்று எனத் தள்ளிவிடத்தக்கதன்று. தமிழ் இலக்கண மரபில் ‘வழு’, ‘வழுவமைதி’ என்னும் இரு கருத்துக்கள் உள. விதியோடு மாறுபடுவது வழு. வழுவேயாயினும் காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. இரசிகர் கூட்டத்தின் அறிவுழைப்பில் பெரும்பங்கு இத்தகையதே. வெவ்வேறு எழுத்தாளர், வெவ்வேறு காலங்களில், ஒருவர் எழுதியதை மற்றவர் நினையாது எழுதிய நூற்றுக்கணக்கான பகுதிகளை அவர்கள் ஒரே நூலெனக் கொண்டு முரண்களுக்கு அமைதி கண்டனர். படைத்தவர்கள் பொருட்படுத்தாத ஒருமைப்பாட்டைப் பார்த்தவர்கள் உழைத்து உண்டாக்கினர். ‘த டெட்லி அசாசின்’ அவ்வுழைப்பைக் குலைத்தது. அவர்களது கோபத்தின் அடியில் இருந்தது, தாம் கட்டிய வீட்டினுள் வேறொருவர் கேளாது புகுந்து சுவரை இடித்தார் என்ற உணர்வேயாகும்.

இவ்விடத்திலேதான் வரலாறு ஒரு திருப்பத்தைக் காட்டுகின்றது. இடித்தவர் வைத்த கற்களே காலப்போக்கில் வீட்டின் அத்திவாரமாயின. பன்னிரண்டு மீளுருக்கள் என்ற விதி, மாஸ்டரின் நிலையை விளக்க ஹோம்ஸ் ஒரு கதைக்காக ஆக்கிய உபாயமேயன்றி வேறன்று. ஆனால் பின்வந்த இரசிகர் தலைமுறைகள் அதனைத் தொடரின் மீறவியலாச் சட்டமாகக் கொண்டன. நடிகர்கள் மாற மாற, சட்டத்தின்படி டொக்டரின் வாழ்வு எப்போது முடியும் என்று கணக்கிடப்பட்டது. 2013 டிசம்பர் 25 ஆந் திகதி ஒளிபரப்பான கதையொன்றில், காலப் பிரபுக்கள் டொக்டருக்குப் புதியதொரு மீளுருச் சுற்றினை அருளியதாகக் காட்டியே அவ்விதியிலிருந்து தொடர் விடுபட நேர்ந்தது. 1976 இல் வழுவெனப்பட்டது 2013 இல் விதியாக நின்றது.

கதையைப் பற்றிய மதிப்பீடும் அவ்வாறே தலைகீழாயிற்று. 1991 இல் அது பிரித்தானியாவில் ஒளிநாடாவாக விற்பனைக்கு வந்தது. நினைவுக்குப் பதிலாகக் கதையையே முன்வைத்துப் பேசும் வாய்ப்பு இவ்வகையில் ஏற்பட்டது. இன்று ‘த டெட்லி அசாசின்’ தொடரின் முன்வரிசைக் கதைகளுள் ஒன்றாகவே இரசிகராற் கருதப்படுகின்றது. அன்று குறையெனப்பட்டதே இன்று அதன் சிறப்பெனப்படுகின்றது. ஹோம்ஸ் தெய்வங்களை ஆட்சியாளராக்கினார். அவரது காலப் பிரபுக்களிடையே ‘விண்ணகத் தலையீட்டு முகவரகம்’ என ஓர் இரகசிய அமைப்பு உண்டு. ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்துக்கள் ‘சி.ஐ.ஏ.’ என அமைவது தற்செயலன்று. 1963 இல் அமெரிக்க சனாதிபதி கென்னடி கொலையுண்டமையும் 1974 இல் நிக்சன் பதவி துறந்தமையும் பார்ப்போர் மனத்தில் இருந்த காலம் அது. கதையின் முடிவில், டொக்டரின் பழைய ஆசிரியரான பொருசா, நிகழ்ந்த உண்மையை மறைத்து, கொலையாளியை வீரனாக்கும் அரச வரலாறொன்றைப் புனையுமாறு பணிக்கின்றார். ஆளும் வர்க்கம் தன் மாண்பினைக் காக்க வரலாற்றை எவ்வாறு உற்பத்தி செய்கின்றது என்பதைச் சிறுவரும் பார்க்கும் ஒரு மாலைநேரத் தொடர் இவ்வளவு வெளிப்படையாகக் காட்டியமை சிறிய காரியமன்று.

இரசிகர் எந்த மாயவசீகரத்தின் இழப்பிற்காக வருந்தினரோ, அது அதிகாரத்தைச் சூழ்ந்திருந்த மாயவசீகரமே. தூரத்தே நின்று பார்க்கும்போது தெய்வமாகத் தோன்றுவது, அண்மையிற் சென்றால் அலுவலகமாகத் தெரிகின்றது என்பதே கதையின் பொருள். அன்றைய மதிப்புரை இதனைக் காணத் தவறியது என்பதைவிட, கண்டும் விரும்பவில்லை என்பதே பொருந்தும். மறுபுறம், இன்று நோக்குவோருக்கு உடனே புலப்படும் வேறொரு குறையும் அக்கதையில் உண்டு. கணினியொன்றின் குரலைத் தவிர, நான்கு பகுதிகளிலும் பெண் பாத்திரம் எதுவும் இல்லை. ஆட்சியைக் கூர்ந்து நோக்கிய எழுத்தாளரும் இதனை ஒரு குறையாகக் கருதவில்லை. எக்காலத்துத் திறனாய்வுக்கும், எக்காலத்துப் படைப்புக்கும், அவ்வக் காலத்தின் குருடு உண்டு போலும்.

அவ்வாறாயின், இரசிகரின் ஏமாற்றம் எப்போதுமே பிழையானதா? அன்று. 1984 மார்ச் மாதத்தில் இரு கதைகள் அடுத்தடுத்து ஒளிபரப்பாயின. ஒன்று ஹோம்ஸ் எழுதிய ‘த கேவ்ஸ் ஒஃப் அன்ட்ரொசானி’. மற்றையது புதிய நடிகர் கொலின் பேக்கரின் முதற்கதையான ‘த ட்வின் டிலெமா’. பின்னைய கதையில், புத்துருப்பெற்ற டொக்டர் தம் தோழியின் கழுத்தை நெரிக்க முனைகின்றார். 2009 இல் ‘டொக்டர் ஹூ மகசீன்’ தன் வாசகரிடையே நடத்திய வாக்கெடுப்பில், 200 கதைகளுள் முதலிடம் பெற்றது ‘அன்ட்ரொசானி’; இறுதியிடம் பெற்றது ‘ட்வின் டிலெமா’. அதாவது இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தும், பலமுறை பார்த்த பின்னரும், அவ்வேமாற்றம் ஏமாற்றமாகவே நிலைத்தது. காலம் சில தீர்ப்புகளைத் திருத்துகின்றது. சிலவற்றை உறுதி செய்கின்றது.

இங்கு மனங்கொள்ளத்தக்கது யாதெனில், அவ்விரு கதைகளுக்கும் தயாரிப்பாளர் ஒருவரே, கதைத் தொகுப்பாசிரியரும் ஒருவரே, பருவமும் ஒன்றே. எனவே தோல்வியைத் தனியொருவரின் திறமையின்மையால் மட்டும் விளக்குதல் இயலாது. அக்காலத்தில் இத்தொடர் வரையறுத்த பணத்தில், குறித்த சில நாட்களே கிடைக்கும் கலையகத்தில், இரவு 10 மணிக்கு ஒளிப்பதிவை நிறுத்தியே ஆகவேண்டும் என்ற நிபந்தனையின் கீழ் உருவாக்கப்பட்டது. எழுத்துப் பிரதி, இயக்குநரின் ஆற்றல், எஞ்சிய பணம், எஞ்சிய நேரம் ஆகியவற்றின் சேர்க்கையே ஒரு கதையின் தரத்தை நிருணயித்தது. ஆனால் 1980 களின் நடுப்பகுதியில் இரசிகர் வெளியீடுகள் சில, எல்லாக் குறைகளையும் தயாரிப்பாளர் ஜோன் நேதன்-ரேர்ணரின் தலையிலேயே சுமத்தின. உற்பத்தி நிலைமைகளை ஆராயவேண்டிய இடத்தில் ஆளைத் தேடியமை அத்திறனாய்வின் பெருங்குறையாகும். 1985 இல் கூட்டுத்தாபன நிருவாகம் தொடரைப் பதினெட்டு மாதங்கள் இடைநிறுத்தியபோது, எவரைச் சாடினரோ அவரது தொடரைக் காக்கவே அவர்கள் போராட வேண்டியதாயிற்று.

இரசிகரின் இவ்விரண்டுங்கெட்ட நிலையை ஜோன் டலொக் என்னும் ஆய்வாளர், ஹென்றி ஜெங்கின்சுடன் இணைந்து 1995 இல் வெளியிட்ட அறிவியற் புனைகதைப் பார்வையாளர் பற்றிய நூலில் நன்கு விளக்கியுள்ளார். இரசிகர் ‘அதிகாரமற்ற மேட்டிமைக் குழுவினர்’ என்பது அவர் கருத்து. தொடரைப் பற்றிய அறிவில் அவர்களை மிஞ்சியோர் இல்லை. ஆயின் அதனை உருவாக்கும் அதிகாரம் நிறுவனத்திடமும், அதனை நிலைநிறுத்தும் பலம் பெரும்பான்மைப் பார்வையாளரிடமுமே உள்ளன. இரசிகரிடம் எஞ்சுவது பொருள்கூறும் உரிமை ஒன்றே. இவ்வுரிமையின் வலிமையைக் குறைத்து மதிப்பிடலாகாது. 1976 இல் வைற்ஹவுஸ் அம்மையார் ஒரு காட்சியை வெட்டுவித்தார். ஆயின் அக்கதை எவ்வாறு நினைவுகூரப்பட வேண்டும் என்பதை ஈற்றில் தீர்மானித்தோர் இரசிகர்களே.

அதிகாரமற்றோர் அதிகாரம் பெற்றால் நிகழ்வது என்ன? 1986 டிசம்பரில், பி.பி.சி.யின் பகல்நேர நிகழ்ச்சியொன்றில், அவ்வாண்டின் கதையை எழுதிய எழுத்தாளர்கள் முன்னிலையில், பதினாறு வயது இரசிகர் ஒருவர் தம் ஏமாற்றத்தை வெளியிட்டார். கதை வழமைப்பட்ட பாணியிலேயே அமைந்ததென்றும் இதனினும் நன்றாக எழுதியிருக்கலாம் என்றும் குறைகூறினார். அவர் பெயர் கிறிஸ் சிப்னல். 2018 இல் தொடரின் முழுப் பொறுப்பும் அவரிடமே வந்தது. 2020 மார்ச் 1 ஆந் திகதி ஒளிபரப்பான ‘த டைம்லெஸ் சில்ட்ரன்’ என்ற அவரது கதையில், டொக்டர் காலப் பிரபுக்களின் இனத்தவரே அல்லர் என்றும், வேற்றிடத்திலிருந்து வந்த அக்குழந்தையிடமிருந்தே மீளுருப்பெறும் ஆற்றலைக் காலப் பிரபுக்கள் பறித்தெடுத்தனர் என்றும், அவ்வுண்மை மறைக்கப்பட்டது என்றும் கூறப்பட்டது. ஹார்ட்னெலுக்கு முன்னரும் டொக்டருக்கு எண்ணற்ற உருவங்கள் இருந்தன என்பதற்கு, 1976 சனவரியில் வெளிவந்த ‘த பிரெய்ன் ஒஃப் மோர்பியஸ்’ என்ற கதையிற் சில கணங்கள் தோன்றிய அறிமுகமில்லா முகங்கள் சான்றாகக் காட்டப்பட்டன. அம்முகங்கள் உண்மையில் அன்றைய தயாரிப்புக் குழுவினருடையவை. நாற்பத்து நான்கு ஆண்டுகள் இரசிகர் பலர் வழுவமைதி கூறி ஒதுக்கிய காட்சியொன்று, திடீரென வரலாறாயிற்று.

இரசிகரிடையே எழுந்த ஏமாற்றம், 1976 இன் குரலையே பெரிதும் ஒத்திருந்தது. நாம் அறிந்த காலப் பிரபுக்கள் இவர்களல்லர். நாம் அறிந்த டொக்டர் இவரல்லர். கட்டியது இடிக்கப்பட்டது என்பதே அதன் சாரம். ஆனால் இம்முறை இடித்தவரும் ஓர் இரசிகர். காக்கப்பட்டதோ, ஹோம்ஸ் தம் காலத்து இரசிகரைப் புண்படுத்தி உருவாக்கிய அதே உலகம். நேற்றைய மீறலே இன்றைய மரபாகி, இன்றைய மீறலுக்கு எதிராக நிறுத்தப்படுகின்றது.

இக்காலத்து விவாதத்தில் இன்னொன்றும் கலந்திருந்தது. 2017 இல் ஜோடி விற்றேக்கர் டொக்டர் பாத்திரத்தை ஏற்கும் முதற் பெண்ணாக அறிவிக்கப்பட்ட நாளிலிருந்தே, ஒரு காட்சியுங் காணுமுன் ஏமாற்றம் தெரிவித்தோர் இருந்தனர். படைப்பைப் பாராது பிறக்கும் ஏமாற்றம் திறனாய்வன்று, அது முற்சாய்வு. அதேவேளை, எழுத்தின் தளர்வையும் உரையாடலின் விளக்கச் சுமையையும் சான்றுகாட்டிக் குறைகூறிய அனைவரையும் முற்சாய்வுடையோர் என ஒதுக்குவதும் நேர்மையாகாது. இவ்விரண்டையும் பிரித்தறிவது முற்போக்குத் திறனாய்வாளரின் கடமை.

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, இரசிகரின் ஏமாற்றத்தில் மூன்று வேறுபட்ட குரல்கள் ஒன்றாக ஒலிப்பதைக் காணலாம். முதலாவது, என் நினைவிலுள்ளது போல இது இல்லை என்பது. இரண்டாவது, நாங்கள் உழைத்து உண்டாக்கிய ஒருமைப்பாடு மதிக்கப்படவில்லை என்பது. மூன்றாவது, இது செவ்வனே செய்யப்படவில்லை என்பது. முதலாவது குரல் இயல்பானது. ஆயின் அது அளவுகோலாகாது. இரண்டாவது, படைப்புக்கு உரிமையாளர் யார் என்ற நியாயமான வினாவை எழுப்புகின்றது. உரிமப் பணம் செலுத்தும் பொதுமக்களால் நடத்தப்படும் நிறுவனமொன்றில் இவ்வினாவுக்கு மேலும் வலுவுண்டு. மூன்றாவதே திறனாய்வு, ஏன் செவ்வனே செய்யப்படவில்லை, எந்நிலைமைகளில் செய்யப்பட்டது, என்ன சொல்ல முயன்று தவறியது என்று அது மேலும் வினவும்போதே அது முழுமை பெறுகின்றது.

வெகுசனக் கலையின் பார்வையாளரை விழிப்பற்ற நுகர்வோர் எனக் கருதும் போக்கு அறிஞரிடையே நெடுங்காலம் நிலவியது. கைப்பணத்தில் அச்சிட்டு, நினைவிலிருந்து வாதிட்டு, தவறியும் திருந்தியும் வந்த இவ்விரசிகரின் வரலாறு அக்கருத்தை மறுக்கின்றது. அவர்கள் 1976 இற் கூறிய தீர்ப்பு பிழையாயிருக்கலாம். ஆனால் அத்தீர்ப்பை எழுதி வைத்தமையாலேதான் அது பிழையென்பதை அவர்களது வழிவந்தோரே கண்டறிய முடிந்தது. எழுதப்படாத ஏமாற்றம் மனக்குறையாகவே மறைந்துவிடும். எழுதப்பட்ட ஏமாற்றமே மறுக்கப்படவும், திருத்தப்படவும், சிலவேளை நிலைநாட்டப்படவும் இயலும்.